38 வயதில் கரணை பிடிப்பது பற்றி

உங்கள் கேள்வி ஐந்தே வரிகள். காலாட்படையில் 17 ஆண்டுகள், வயது 38, கடைசியாக 30 பேர் கொண்ட ஒரு பிளாட்டூனின் பொறுப்பு, வலது முழங்காலில் பழைய அடி. இன்னும் நான்கு மாதத்தில் ராணுவத்தை விட்டு வெளியே வருகிறீர்கள். கட்டுமானத்தில் எந்தத் தொழிலுக்குப் போகலாம், ராணுவ அனுபவத்துக்கு அங்கே மதிப்பு உண்டா, கீழிருந்து தொடங்காமல் நேரே சூப்பர்வைசராகச் சேர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், ராணுவ பூட்ஸையே வேலைத்தளத்திலும் போட்டுக்கொள்ளலாமா என்றும் ஒரு வரி. மூன்றாவது கேள்விதான் உங்களை உறுத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 30 பேர் உங்கள் சொல்லைக் கேட்டு நடந்தார்கள். இனி யார் சொல்லைக் கேட்டு நீங்கள் நடக்க வேண்டியிருக்கும் என்பதுதான் அதன் உள்ளே இருக்கிறது. நானும் அதே கேள்வியோடுதான் வெளியே வந்தேன். யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்ததால் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே எழுதுவதை எந்த அளவுக்கு நம்புவது என்று உங்களுக்குத் தெரியாது. களப் பொறியாளர் படைப்பிரிவில் 11 ஆண்டுகள் இருந்தேன். வெளியே வந்ததும், கான்கிரீட் ஊற்றுவதற்கான பலகை அச்சையும் முட்டையும் அமைக்கும் ஒரு சென்ட்ரிங் தச்சரிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். கட்டுமானத்துக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. கடைசி எட்டு ஆண்டுகளாகப் புதியவர்களைப் பழக்குவதும் என் வேலை. அவர்களில் முன்னாள் படைவீரர்கள் கணிசமாக உண்டு. கான்கிரீட், சென்ட்ரிங், சாரம், தச்சு ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வது கைப்பழக்கத்திலிருந்து வருவது. மின்சாரம், குழாய் வேலை, வெல்டிங் பற்றிச் சொல்வதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தது. அந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வயது தடையில்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது, அதுவும் தலைகீழான சாட்சி. 1942-ல் அமெரிக்கக் கடற்படை, ‘சீபீஸ்’ என்று பெயர் பெற்ற கட்டுமானப் பட்டாலியன்களை உருவாக்கியபோது, மாலுமிகளுக்குக் கட்டட வேலை கற்றுக்கொடுக்க முனையவில்லை. ஏற்கெனவே தச்சராகவும் பிளம்பராகவும் எலக்ட்ரீஷியனாகவும் இயந்திரம் ஓட்டுபவராகவும் இருந்தவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்துக்கொண்டது. முதலில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 37. அவர்களுக்கு ராணுவ நடை, துப்பாக்கி, ஒழுங்கு எல்லாவற்றையும் சில வாரங்களில் கற்பித்துவிட்டார்கள். இந்தக் கதையில் நமக்கு இரண்டு செய்திகள் உண்டு. 37 வயது உடம்பு இந்த வேலைக்கு ஆகாத உடம்பல்ல என்பது இனிப்பான செய்தி. ஒரு தச்சரைச் சில வாரங்களில் படைவீரராக்கலாம், ஒரு படைவீரரைச் சில வாரங்களில் தச்சராக்க முடியாது என்று அந்தக் கடற்படைக்கே தெரிந்திருந்தது என்பது கசப்பான செய்தி. நீங்கள் போகப்போவது அந்தக் கடினமான திசையில். வேலை கைக்கு வர மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவில் எலக்ட்ரீஷியன் தொழில் பழகுநருக்கு வேலைத்தளத்தில் மட்டும் 8,000 மணி நேரம் என்பது வழக்கமான அளவு. வகுப்பறை நேரம் தனி. மற்ற நாடுகளில் கணக்கு மாறும். ஆனால் எங்கேயும் அது மாதக் கணக்கில் முடிவதில்லை.

என் முதல் மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த மேஸ்திரிக்கு அப்போது 26 வயது, எனக்கு 31. ஒரு தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர் சொன்ன இடைவெளி எனக்கு மிகையாகப் பட்டது. பாலங்களையே பார்த்தவன் நான். இந்தச் சின்னத் தளத்துக்கு இத்தனை முட்டா என்று கேட்டேன், கொஞ்சம் உரக்கவே. அவர் கோபப்படவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒட்டுப்பலகையில் கணக்குப் போட்டார். ஒரு கனமீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ. 15 சென்டிமீட்டர் தளம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 360 கிலோ. அதற்கு மேல் கம்பி, ஆட்கள், கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர். பம்பிலிருந்து விழும் கலவை பரப்பப்படும்வரை ஒரே இடத்தில் குவிந்து நிற்கும். அந்த நேரம் அந்த இடத்தில் சுமை இரண்டு மூன்று மடங்கு. “இன்று இது கல் அல்ல, கூழ். தன் எடையில் ஒரு கிலோவைக்கூட அது தாங்காது. முழுக்க உங்கள் முட்டுதான் தாங்க வேண்டும்” என்றார். அதற்குமேல் எனக்குப் பேச வாய் வரவில்லை. நான் ராணுவத்தில் கட்டியவை அன்றிரவு வண்டிகள் கடப்பதற்கானவை. இங்கே கட்டுவது ஒரு குடும்பம் மூன்று தலைமுறை தூங்கப்போகும் கூரை. அவசரத்துக்கு எது போதும் என்று பார்த்துப் பழகிய கண், நிலையானதற்கு எது வேண்டும் என்று பார்க்கப் பழக எனக்கு ஓராண்டு ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு ஆகாமலிருக்கலாம். பொறியாளர் படையிலிருந்து வருகிறவர்களைவிடக் காலாட்படையிலிருந்து வருகிறவர்கள் சில நேரம் விரைவாகக் கற்பதைப் பார்த்திருக்கிறேன், ஏற்கெனவே தெரியும் என்ற எண்ணம் அவர்களிடம் இல்லாததால்.

அப்படியானால் 17 ஆண்டுகளும் வீணா? இல்லை. ஆனால் வேலைக்கு எடுப்பவர்கள் புகழ்கிற ‘தலைமைப் பண்பு, ஒழுக்கம், நேரந்தவறாமை’ எல்லாம் மேடைப் பேச்சு. நேரத்துக்கு வருவது நல்லதுதான். கொத்தனார்களும் நேரத்துக்குத்தான் வருகிறார்கள். உண்மையாகவே கைகொடுப்பவை சிறிய பழக்கங்கள். வரைபடம் பார்த்துப் பழகியவருக்குக் கட்டட வரைபடம் பாதி தெரிந்த மொழி. அளவுவிகிதம், சமஉயரக் கோடு, கட்டக்குறியீடு எல்லாம் அங்கேயும் உண்டு. தூண்களை ஒரு பக்கம் எழுத்தாலும் ஒரு பக்கம் எண்ணாலும் குறித்திருப்பார்கள், நீங்கள் வரைபடத்தில் இடம் சொல்வதுபோலவே. கிரேனுக்குச் சைகை காட்டுவதில் முன்னாள் படைவீரர்கள் முதல் வாரத்திலேயே தேறிவிடுகிறார்கள். ஒருவர் மட்டுமே சைகை காட்ட வேண்டும், ‘நில்’ என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் ஏற்க வேண்டும் என்ற விதி அவர்களுக்கு விளக்கம் கேட்காமலே புரிகிறது. சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தும் பழக்கம் தங்கம் போன்றது. ‘நாலாவது தூண், கீழிருந்து இரண்டாவது வளையம், 10 சென்டிமீட்டர்’ என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் பெரும்பாலோர். திருப்பிச் சொல்கிறவர் கையில் தப்பு நடப்பது அரிது. கருவியைத் துடைத்து, எண்ணி, அடுத்தவரிடம் ஒப்படைப்பது, வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் கூடிநின்று இன்றைக்கு என்ன, யார் எங்கே, எது ஆபத்து என்று பேசுவது ஆகியவையும் அப்படியே. நல்ல வேலைத்தளங்கள் இதை இப்போது கட்டாயமாக்கிவிட்டன. உங்களுக்கு இது வயிற்றுப்பசி மாதிரி இயல்பாக வரும்.

கூடவே வரும் ஆபத்தான பழக்கம் ஒன்று உண்டு. இந்தப் பதிலில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். ‘முடியும்’ என்று சொல்லிப் பழகிய வாய் நம்முடையது. பணி முதலில், உடம்பு பிறகு என்று பழக்கப்பட்டவர்கள் நாம். கட்டுமானத்தில் அந்த வரிசை தலைகீழ். பக்கச் சுவருக்குத் தடுப்புக் கொடுக்காத பள்ளத்தில் ‘இரண்டே நிமிட வேலைதான், இறங்கி அந்தக் குழாயை மட்டும் பொருத்திவிட்டு வாருங்கள்’ என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தயங்குவார்கள், முன்னாள் படைவீரர் இறங்கிவிடுவார். ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. இடுப்புவரை மூடினாலே மனிதனை இழுத்து வெளியே எடுக்க முடியாது. மார்புவரை மூடினால் தலை வெளியே இருந்தாலும் மூச்சை உள்ளே இழுக்க இடமிருக்காது. அமெரிக்க விதிப்படி 5 அடியோ அதற்கு மேலோ ஆழமான பள்ளத்துக்கு, உறுதியான பாறையாக இருந்தாலொழிய, தடுப்போ சரிவோ கட்டாயம். அதற்குக் குறைவான ஆழத்திலும் மண் சரியும் அறிகுறி தெரிந்தால் அதே கட்டாயம்தான். உயரத்திலிருந்து விழுவதுதான் இந்தத் தொழிலில் உயிரிழப்புக்கு முதல் காரணம் என்பது பல நாடுகளின் கணக்கிலும் ஆண்டுதோறும் மாறாமல் வருகிற செய்தி. அதிலும் பத்தாவது மாடியிலிருந்து விழுந்தவர்கள் மட்டுமல்ல. சாதாரண ஏணியிலிருந்து விழுந்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். ஏணியை நான்குக்கு ஒன்று என்ற சாய்வில் வையுங்கள், அதாவது நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வெளியே. ஏறும்போது இரு கை ஒரு கால் அல்லது இரு கால் ஒரு கை எப்போதும் பிடிமானத்தில் இருக்கட்டும். என்னிடம் பழகியவர்களில் அதிகமாகக் காயப்பட்டவர்கள் சோம்பேறிகள் அல்லர், தைரியசாலிகள். இது என் சொந்தக் கணக்கு, ஆய்வு அல்ல. ஆனால் எட்டு ஆண்டுகளாக அது மாறவில்லை. ‘இது சரியில்லை, தடுப்புப் போட்டபின் இறங்குகிறேன்’ என்று சொல்லும் வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகுங்கள். சிரிக்க வேண்டாம், நான் அப்படித்தான் பழகினேன்.

கட்டளைக் குரலும் இங்கே செல்லாது. ஒரே கட்டடத்தில் கம்பி கட்டுபவர் ஒரு கான்ட்ராக்டரின் ஆள், குழாய்க்காரர் இன்னொருவரின் ஆள், மின்வேலை மூன்றாமவருடையது. யாரும் உங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். அவருடைய குழாய் உங்கள் விட்டத்தை முட்டினால் அவரிடம் கேட்டுத்தான் நகர்த்த வேண்டும், சமயத்தில் அவருக்கு ஒரு துளை போட்டுக் கொடுத்துப் பதிலுக்கு வாங்க வேண்டும். இதைக் கேவலமாக நினைத்தவர்கள் ஆறு மாதத்தில் போய்விட்டார்கள்.

எந்தத் தொழில் என்பதற்கு வருகிறேன். ராணுவத்தில் என்ன செய்தீர்கள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் உடம்பில் இப்போது எது மிச்சமிருக்கிறது என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். வெளியே வரும் முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் முழங்காலையும் காதையும் முதுகையும் மறைக்காமல் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஓடு பதிப்பதும் தரைவேலையும் நாள் முழுக்க மண்டியிடும் தொழில்கள். உங்கள் வலது முழங்காலுக்கு அவை வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன். குழாய் வேலையிலும் மண்டியிடல், குறுகிய இடத்தில் நுழைதல் நிறைய. கூரை வேலை முழங்காலோடு துணிச்சலையும் தின்னும். கொத்துவேலையை நான் மதிக்கிறேன். தூக்குக்குண்டும் ரசமட்டமும் பொய் சொல்லாது. மாலையில் நிமிர்ந்து பார்த்தால் காலையில் இல்லாத ஒரு சுவர் நிற்கும். அந்த மகிழ்ச்சிக்கு ஈடு குறைவு. ஆனால் குனிந்து நிமிர்ந்து கல்லெடுக்கும் வேலையை 38-ல் தொடங்கி 60 வரை செய்ய முதுகு சம்மதிக்க வேண்டும். இதெல்லாம் பொதுவாகச் சொல்வது. உங்கள் முழங்காலில் அடி எலும்பிலா, சவ்விலா, குருத்தெலும்பிலா என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் ‘நடக்கலாமா’ என்று கேட்காதீர்கள், ‘ஒரு நாளைக்கு நாற்பது முறை ஏணி ஏறலாமா’ என்று கேளுங்கள்.

மின்வேலையைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். நானும் மறுக்கவில்லை. எடை குறைவு, மூளை அதிகம், கட்டடம் முடிந்தபின்னும் பராமரிப்பு வேலை தொடரும். ஆனால் கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடி மணிக்கணக்கில் நிற்க வேண்டும், பழகுநர் காலம் நீளம், நிறம் பிரித்தறியும் பார்வை தேவை. ராணுவ ஜெனரேட்டர்களோடு பழகியவர்கள் இங்கே ஓர் எச்சரிக்கையோடு வர வேண்டும். மின்சாரத்தின் இயல்பு ஒன்றுதான். ஆனால் கட்டடத்துக்குள் எது எங்கே எப்படிப் போக வேண்டும் என்ற சட்டதிட்டம் முற்றிலும் வேறு, அதற்குத் தனி உரிமம் வேண்டும். இணைப்பைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு, மீட்டரால் சோதித்த பிறகே கம்பியைத் தொடுகிற ஒழுங்கு மட்டும் உங்களுக்குப் பிடித்துப்போகும்.

வெல்டிங்கில் ஒரு நியாயம் உண்டு. அங்கே நீங்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு தகட்டைக் கொடுத்து இணைக்கச் சொல்வார்கள். பிறகு அதைப் பட்டையாக வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். விரிசல் விட்டால் இல்லை, விடாவிட்டால் உண்டு. தகடு தரையில் இருக்கும்போது ஒரு தேர்வு, செங்குத்தாக இருக்கும்போது ஒன்று, தலைக்கு மேல் இருக்கும்போது ஒன்று. பதவி, வயது, சிபாரிசு எதுவும் அந்தத் தகட்டை விரிசல் விடாமல் காப்பாற்றாது. மற்ற தொழில்களைவிட விரைவாகக் கையில் காசு வரும் வழியும் இது. புகையும் கண்ணும்தான் விலை. நல்ல முகமூடிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். எக்ஸ்கவேட்டர், கிரேன் போன்ற இயந்திரங்களை ஓட்டுவது முழங்காலுக்கு நல்லது என்று தோன்றும். ஓரளவு உண்மைதான், ஆனால் நாள் முழுக்க இருக்கை அதிர்வது கீழ்முதுகுக்குப் போகும், கோபுரக் கிரேனுக்குப் பெரும்பாலும் ஏணிதான் வழி. நில அளவைப் பக்கம் ஒரு முறை எட்டிப்பாருங்கள். பீரங்கிப் படையிலிருந்தும் பொறியாளர் படையிலிருந்தும் வந்தவர்கள் அங்கே நன்றாகப் பொருந்துகிறார்கள். காலாட்படை ஆளுக்கும் வரைபடம் தெரியும், மேடுபள்ளத்தில் நடக்கத் தெரியும், மழையில் அளவைக் கருவியின் முக்காலியோடு நிற்கும் பொறுமையும் உண்டு. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நில அளவையையும் மின்வேலையையும்தான் முதலில் விசாரிப்பேன். இது கருத்துதான், தீர்ப்பல்ல.

காது பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்குப் பணியால் ஏற்பட்டதாக அங்கீகரிக்கப்படும் குறைகளில் காதிரைச்சலும் கேட்கும்திறன் இழப்பும் முன்வரிசையில் நிற்கின்றன. எங்கள் தளத்துக்கு வருகிறவர்களிலும் பாதிப் பேருக்குக் காதில் சில்வண்டு. வேலைத்தளத்தில் காது வெறும் வசதி அல்ல. பின்னால் வரும் லாரியின் ஒலியைக் கேட்பது அதுதான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும் என்று கணக்கிடுகிறார்கள். கான்கிரீட் வெட்டும் ரம்பம் அதையெல்லாம் எப்போதோ தாண்டியது. மிச்சமிருக்கும் கேட்கும்திறனைக் கஞ்சன் காசைப் போலக் காப்பாற்றுங்கள். கல், ஓடு, கான்கிரீட் ஆகியவற்றை வெட்டும்போது கிளம்பும் தூசிக்கும் அதே கவனம் வேண்டும். அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. சிலிகோசிஸுக்குக் குணமளிக்கும் மருந்து இல்லை. தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும், அதோடு சரியான முகக்கவசமும் வேண்டும். கழுத்தில் கட்டிய துணி போதாது.

படைவீரர்களுக்கான உதவித் திட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறு. நீங்கள் எந்த நாடு என்று எழுதவில்லை, ஆகவே விண்ணப்பம் எங்கே போட வேண்டும் என்று நான் சொல்வதற்கில்லை. பொதுவாக ஒன்று சொல்லலாம்: கல்லூரிக்கு மட்டும்தான் உதவி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் 1944-ஆம் ஆண்டுப் படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் கல்லூரிக் கதையாகவே நினைவில் நிற்கிறது. ஆனால் இரண்டாம் உலகப்போருக்குப் பின் அதில் கல்வி, பயிற்சி பெற்ற சுமார் 78 லட்சம் பேரில் கல்லூரிக்குப் போனவர்கள் 22 லட்சம் பேர்தான். மற்றவர்கள் தொழிற்பள்ளிகளிலும் வேலையிடப் பயிற்சியிலும் பண்ணைப் பயிற்சியிலும் இருந்தார்கள். இன்றும் அங்கே தொழில் பழகுநராக இருக்கும்போதே படைவீரர் கல்வி உதவியைப் பெற முடிகிறது. 2003-ல் தொடங்கிய ‘ஹெல்மெட்ஸ் டு ஹார்ட்ஹாட்ஸ்’ என்ற திட்டம் படைவீரர்களைக் கட்டுமானத் தொழிற்பழகுநர் பயிற்சிகளோடு இணைத்துவிடுகிறது. ராணுவத்தில் கனரக வாகனம் ஓட்டியவர்களுக்கு வணிக உரிமத்தில் ஓட்டுத்தேர்விலிருந்து விலக்கும் உண்டு. உங்கள் நாட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். பணியிலிருக்கும்போதே கேட்டால் கிடைப்பது, வெளியே வந்தபின் கேட்டால் கிடைக்காமல் போவதுண்டு. நான்கு மாதம் இருக்கிறது என்றீர்கள், அதுவே நல்ல வாய்ப்பு. விண்ணப்பத்தில் பதவிப் பெயர்களையும் சுருக்கெழுத்துகளையும் எழுதாதீர்கள். வேலைக்கு எடுப்பவருக்கு ஒன்றும் புரியாது. ‘30 பேரின் அன்றாட வேலைப் பங்கீடு, இத்தனை வாகனங்களின் பராமரிப்புப் பதிவேடு, இத்தனை ஆண்டுகள் விபத்தில்லாமல்’ என்று எழுதுங்கள்.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. நேரே சூப்பர்வைசராக, அல்லது பாதுகாப்பு அதிகாரியாக எடுத்துக்கொள்ள நிறுவனங்கள் இருக்கின்றன. உங்கள் 17 ஆண்டுகளைக் காட்டினால் வாய்ப்புக் கிடைக்கவும் கூடும். போகலாம். நான் போக வேண்டாம் என்கிறேன். குறைந்தது ஒன்றிரண்டு ஆண்டுகள் கையால் வேலை செய்யாதவர் சொல்வதைத் தளத்தில் முகத்துக்கு நேரே கேட்டுக்கொள்வார்கள், முதுகுக்குப் பின்னால் தங்கள் வழியில் செய்வார்கள். கான்கிரீட் ஊற்றிய மறுநாள் ஒருவர் வந்து ‘அடியில் முட்டுகளை எடுத்துவிடலாமா’ என்று கேட்பார். ஏழு நாளில் கான்கிரீட் எட்டும் வலிமை 28 நாள் வலிமையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, குளிரில் இன்னும் குறைவு, பக்கப் பலகையை எடுப்பது வேறு, அடி முட்டுகளை எடுப்பது வேறு என்பதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் கேட்பவர் உங்கள் கண்ணைப் பார்த்துக் கேட்பார். அந்த நேரத்தில் உங்கள் பதிலின் உறுதி, நீங்களே ஒரு முறை முட்டெடுத்து, மேலே பலகை முனகியதைக் கேட்டிருந்தால்தான் வரும். பாதுகாப்பு அதிகாரி வேலை மட்டும் ஓரளவு விதிவிலக்கு. முழங்கால் உண்மையிலேயே மோசம் என்று மருத்துவர் சொன்னால், முறையான சான்றிதழ்ப் படிப்போடு அந்தப் பக்கம் போவதில் தவறில்லை. அப்போதும் முதல் ஆறு மாதம் கேள்வி கேட்டுக்கொண்டே இருங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காதது கவலையாக இருக்கிறது. பழகுநரின் சம்பளம் தேர்ந்தவரின் சம்பளத்தில் ஒரு பகுதிதான், ஆண்டுக்கு ஆண்டு படிப்படியாக ஏறும். மழையில் வேலை நிற்கும். கட்டடம் முடிந்தால் வேலையும் முடியும். அடுத்த தளம் கிடைக்கும்வரை இடைவெளி. மாதத்தின் முதல் தேதி தவறாமல் சம்பளம் வந்து பழகிய குடும்பத்துக்கு இது அதிர்ச்சி, உங்களைவிட வீட்டிலிருப்பவர்களுக்கு அதிகம். அவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள். ஓய்வூதியம் இருந்தால் அது இந்த இடைவெளிகளைத் தாண்டிவிடும் பாலம். மொத்தமாக வரும் பணத்தை மட்டும் முதல் மூன்று ஆண்டுகளுக்குக் கான்ட்ராக்ட் எடுப்பதில் போடாதீர்கள். நாணயமான ஆட்கள் இதில் மூழ்கியதைப் பார்த்திருக்கிறேன். கூலியை வாரா வாரம் கொடுத்தாக வேண்டும். உங்களுக்கு வர வேண்டியதோ அளவெடுத்து, பில் போட்டு, ஒப்புதல் வாங்கி, மாதங்கள் கழித்து வரும். அதிலும் ஐந்து முதல் பத்து சதவீதம், வேலையில் குறை தெரிந்தால் நீங்களே சரிசெய்ய வேண்டிய ‘குறைபாட்டுக் காலம்’ முடியும்வரை பிடித்தம். லாபம் காகிதத்தில் இருக்கும்போதே பை காலியாகிவிடும். என்னுடன் பணியாற்றிய ஒருவர் முதல் ஒப்பந்தத்தில் லாபமும் இரண்டாவதில் வீட்டு அடமானமும் கண்டார், இரண்டுக்கும் நடுவில் எட்டு மாதம்.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயரத்திலிருந்து சென்ட்ரிங் தகடு விழும் ஒலி, ஆணித் துப்பாக்கியின் வெடிப்பு, இருட்டுப் படிக்கட்டில் திடீரென்று யாரோ கத்துவது எல்லாம் அன்றாடம். களத்திலிருந்து வந்த சிலருக்கு இது ஒன்றும் செய்வதில்லை. சிலருக்கு மூன்றாவது வாரத்தில் தூக்கம் போய்விடுகிறது. உங்களுக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. கட்டுமானத் தொழிலாளர்களிடையே தற்கொலை விகிதம் மற்ற தொழில்களைவிட அதிகம் என்பது அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளில் பதிவான உண்மை. படைவீரர்களைப் பற்றியும் அதே கவலை அமெரிக்காவில் உண்டு. ஆகவே இதை வீரப் பிரச்சினையாக்காமல், முழங்கால் வலியைச் சொல்வதுபோல மருத்துவரிடம் சொல்லுங்கள். மேஸ்திரியிடம் ‘திடீர் ஒலி எனக்கு ஆகாது, தகடு இறக்கும் முன் குரல் கொடுக்கச் சொல்லுங்கள்’ என்றால் போதும். என் அனுபவத்தில் பெரும்பாலோர் ஏன் என்றுகூடக் கேட்பதில்லை.

இந்த நான்கு மாதத்தில் உங்களுக்கு விடுப்பு மிச்சமிருந்தால் இரண்டு வாரத்தை ஏதாவது ஒரு தளத்தில் உதவியாளாகக் கழித்துப் பாருங்கள், முடிந்தால் முறையான காப்பீட்டோடும் உங்கள் மேலதிகாரியின் அனுமதியோடும். கலவை சுமப்பதோ, கம்பி எடுத்துக் கொடுப்பதோ, குப்பை அள்ளுவதோ எதுவாக இருந்தாலும் சரி. முதல் நான்கு நாள் உடம்பு வலிக்கும். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பத்தாவது நாள் முழங்கால் எப்படி இருக்கிறது, உங்களைவிடப் பத்து வயது சின்னவர் ‘அண்ணே, அந்த மூலைமட்டத்தை எடுங்கள்’ என்றபோது உள்ளே என்ன ஓடியது, இந்த இரண்டையும் இரவில் ஒரு தாளில் எழுதிவையுங்கள். எந்தத் தொழில் என்ற கேள்வியோடு என்னிடம் திரும்பி வருவதானால் அந்தத் தாளோடு வாருங்கள்.

பூட்ஸ் பற்றி: வேண்டாம். நடப்பதற்காகச் செய்த சாதாரண ராணுவ பூட்ஸில் விரலுக்கு மேல் இரும்புத் தொப்பி இருக்காது, அடியில் ஆணி ஏறாத தகடும் இருக்காது. சென்ட்ரிங் பிரித்த தளத்தில் பலகைகள் ஆணி மேல்நோக்கியபடி கிடக்கும். என் இடது பாதத்தில் இருக்கும் தழும்பு அப்படிப்பட்ட பூட்ஸ் வழியாக வந்ததுதான். விரல்தொப்பி, ஆணித்தகடு இரண்டும் உள்ள ஜோடியை வாங்குங்கள். மாலையில் போய் வாங்குங்கள், கால் அப்போதுதான் வீங்கித் தன் உண்மையான அளவில் இருக்கும்.